'அடுக்கு' கையேட்டில் நான் திருத்திய பிழைகள்

வரிசையாகச் சொல்கிறேன், தோழர். வரிசை தப்பினால் நியாயம் தப்பிவிடும். தோழர் என்று கூப்பிட்டதில் தவறில்லையே? உங்கள் மடியில் லேப்டாப் பையைப் பார்த்துத்தான் இந்த இருக்கைக்கு மாறி வந்தேன். ஜன்னலோரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காது கொடுத்தால் போதும்.

முதல் அநீதி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேமில் நான் அறுந்த இழை ஒட்டிக்கொண்டிருந்த காலம். போனஸ் போராட்டத்துக்குத் துண்டறிக்கை எழுதியவன் நான். அச்சாகி வந்தபோது கீழே தலைவர் பெயர். கேட்டதற்கு, "அறிக்கை சங்கத்துக்குச் சொந்தம், வெயில்முத்து" என்றார். சங்கத்துக்குச் சொந்தமென்றால் சங்கத்தின் பெயரைப் போட வேண்டியதுதானே? அவர் பெயர் எதற்கு?

இரண்டாவது. கதவடைப்பின்போது மில் வாசலில் பேசிச் சிறைக்குப் போனேன். பத்திரிகையில் தலைவர் பெயரும் செயலாளர் பெயரும் போட்டு, அதன் பிறகு 'உள்ளிட்ட பலர்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் 'பலர்' நான்தான். ஒரு மனிதனை அதைவிடச் சின்னதாக மடிக்க முடியாது.

மூன்றாவது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில், வாசலில் கூட்டம் தள்ளுகிறது, நீ போய்ச் சமாளி என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நான் சமாளித்தேன். உள்ளே படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது. சங்கத்தின் ஆண்டு மலர். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை பிழை பார்த்தவன் நான். நன்றிப் பக்கத்தில் பந்தல் போட்டவருக்கு நன்றி, மைக் செட்டுக்காரருக்கு நன்றி, பாயசம் காய்ச்சியவருக்குக்கூட நன்றி. இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது உங்கள் கம்ப்யூட்டர்க்காரர்கள் செய்தது. அதை அச்சடிக்கத்தான் மதுரைக்குப் போகிறேன். உள்ளூர் அச்சகங்களில், "பெரியவரே, இது என்ன விஷயமென்றே எங்களுக்குப் புரியவில்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். உங்களுக்குப் புரியும். கேளுங்கள்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. துண்டறிக்கைதான் என் பள்ளிக்கூடம். மில் வாசலில் மிதிபட்டுக் கிடப்பதைப் பொறுக்கி எழுத்துக்கூட்டி வாசித்தே வளர்ந்தேன். ஒருமுறை எங்கள் கோரிக்கை மனுவில் கிடந்த பிழைகளை லேபர் ஆபீசர் எங்கள் முன்னாலேயே உரக்க வாசித்துச் சிரித்தார். கோரிக்கையைப் படிக்கவே இல்லை. பிழையை மட்டும் படித்தார். அன்றிலிருந்து எழுத்துப்பிழை எனக்கு வர்க்க எதிரி. நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

மில்லை விட்ட பிறகு எங்கள் சங்கத்துப் படிப்பகத்துக்கு நான் செயலாளர். அங்கே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் 'அடுக்கு' என்று ஒரு மென்பொருள். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் எடுத்துப்போனார் என்று பார்த்துக்கொள்வது. சின்ன நூலகங்களுக்காக நம் பக்கத்து ஆட்களே கூடிச் செய்தது. கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். முதலாளி கிடையாது, விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கேட்டவுடன் எனக்குப் புல்லரித்தது, மறைப்பானேன். நாற்பது வருஷம் நாங்கள் தெருவில் நின்று கத்தியதை எவரோ மாடியில் உட்கார்ந்து செய்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

பிறகு அதன் கையேட்டைத் திறந்தேன்.

தோழர், பக்கத்துக்குப் பக்கம் பிழை. ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஒரே சொல்லை மேலே ஒருவிதமாகவும் கீழே ஒருவிதமாகவும் எழுதியிருந்தார்கள். மக்களுக்கு இலவசமாகத்தானே கொடுக்கிறோம், இது போதும் என்கிற திமிர் அது. இலவசத்துக்குள் ஒளிந்திருக்கிற திமிரை என்னைப்போல மோந்துபிடிக்கிறவன் கிடையாது. முழுவதையும் அச்செடுத்துச் சிவப்பு மையால் குறித்தேன். ஞாயிறு மாலை அவர்கள் கூடுகிற இடத்துக்குப் போனேன். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடையின் மாடி. அந்தத் தாள்கட்டை அவர்கள் மேசையில் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன்.

அங்கே எல்லாவற்றையும் மேய்ப்பது ஒரு பியூலா அம்மையார். ஏதோ கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர். குரல் உயராது. குரல் உயராதவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மில் மேனேஜருக்கும் அப்படித்தான் உயராது.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இதை இவ்வளவு கவனமா யாருமே வாசிச்சதில்ல, அண்ணாச்சி. நீங்களே திருத்திருங்களேன்" என்றார்.

குறை சொன்னவனையே மேஸ்திரியாக்கி வாயை அடைப்பது பழைய தந்திரம். அதைச் சொன்னேன். அந்த அம்மையார் சிரித்துவிட்டு முறையை விளக்கினார். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாமாம். குழுவில் ஒருவர் பார்த்துச் சேர்ப்பாராம். ஒருவர் செய்ததை இன்னொருவர் பின்னுக்குத் திருப்பவும் முடியுமாம். ஆனால் செய்தது, திருப்பியது இரண்டுமே அவரவர் பெயரோடு நின்றுவிடும். யாரும் எப்போதும் பார்த்துக்கொள்ளலாம். புதிய பதிப்பு வெளியாகிற நாளில் எல்லோரும் கூடி, உழைத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்களாம். பெயர் வாசித்தவுடன் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

பெயர் வாசிப்பார்கள் என்றதும் நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்களுக்கு ஒருவேளை அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பெயரை யாரும் முழுங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கணக்குத் தொடங்கி, எங்கே தட்டுவது, எப்படி அனுப்புவது என்று காட்டிக்கொடுத்தவள் முனீஸ்வரி. சேத்தூர்ப் பெண். நான் எந்த மில்லில் இழை ஒட்டினேனோ அதே மில்லில் கோன் வைண்டிங், நூலைக் கோனில் சுற்றுகிற வேலை, பார்க்கிறாள். ஷிப்ட் முடித்துப் பஞ்சுத் தூசி தலைமுடியில் ஒட்டியிருக்க அப்படியே வருவாள். பியூலா அம்மையார் ஞாயிறுதோறும் சில பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார், அதில் ஒருத்தி. மில்லைவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. வேலை கேட்கப் போகிற இடத்தில், நீ செய்தது ஏதாவது உண்டா என்று கேட்பார்களாம். இந்த மாதிரி ஒரு திருத்தம் தன் பெயரில் நின்றால் அதைக் காட்டலாமாம். நம் வர்க்கம், நம் ரத்தம். அந்த மாடியில் நான் நம்பியது அவளை ஒருத்தியைத்தான்.

அவளும் ஒரு பிழையைப் பார்த்து வைத்திருந்தாள். புத்தகத்தைத் திருப்பி வாங்குவது எப்படி என்கிற பக்கத்தில். சின்னப் பிழைதான். அதைத் திருத்தி எழுதி, சரியா, சரியா என்று என்னிடம் பல தடவை காட்டினாள். சரிதான், அனுப்பு என்றேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க அண்ணாச்சி. அவங்க பாத்துக்கிட்டிருக்கும்போது அனுப்பணும்" என்றாள்.

எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஒரு பிழைக்கு இவ்வளவு மேளதாளமா!

அந்த வாரம்தான் நான் அதைப் பார்த்தேன். கையேட்டின் பிழைகள் பலவற்றுக்குப் பக்கத்தில் அவர்களே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: 'புதியவர்களுக்காக விட்டுவைத்தது.' கவனிக்க வேண்டும் தோழர். தெரியாமல் விட்ட பிழை இல்லை. தெரிந்தே விட்டுவைத்த பிழை! முதன்முதலாக வருகிறவர்கள் பயமில்லாமல் தொட்டுப் பழகுவதற்குச் சின்ன வேலையாக ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். அவர்கள் உலகத்தில் எல்லா இடத்திலும் அந்த வழக்கம் உண்டாம். அதை நியாயம் என்று வேறு சொல்கிறார்கள். பெல்ட்டுக்கு மூடி போடாமல் மிஷினை ஓடவிட்டு, புது ஆள் வந்து மாட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்த மேனேஜரை நான் பார்த்தவன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மக்கள் படிக்கிற கையேட்டில் அழுக்கை விட்டுவைத்து, அதைத் துடைப்பதற்கு ஏழைப் பெண்களை வரிசையில் நிறுத்துவதா?

படிப்பகத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. சீட்டு ஒட்டியது, ஒட்டாதது, பெரியது, சின்னது என்று பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினேன். போகிற போக்கில் 'பயனர்' என்று இருந்த இடத்தையெல்லாம் 'வாசகத் தோழர்' என்று மாற்றினேன். அது எழுத்துப்பிழையா என்று பிற்பாடு கேட்டார்கள். அது கருத்துப்பிழை; அதைவிட மோசம். திரையில் இருக்கிற பொத்தான்களின் பெயர்கள் கையேட்டிலும் அதே பிழையோடு இருந்தன. அவற்றையும் கையேட்டில் திருத்தினேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினேன்.

சேர்க்கவில்லை.

பியூலா அம்மையார் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். உழைப்புக்கு நன்றியாம். மூட்டையைப் பிரித்துப் பக்கம் பக்கமாக அனுப்ப வேண்டுமாம், அப்போதுதான் படித்துப் பார்க்க முடியுமாம். பொத்தான் பெயரைக் கையேட்டில் மட்டும் மாற்றினால் திரையில் தேடுகிறவர் திண்டாடுவாராம். இரண்டும் சேர்ந்து மாற வேண்டுமாம். சீட்டு ஒட்டியதை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டுமாம். மரியாதைக்குள் வைத்துக் கொடுக்கிற மறுப்பு எனக்குப் புதிதா? லேபர் கோர்ட் முழுக்க அந்த மரியாதைதான்.

மறுநாளே அந்த மாடிப்படியில் உட்கார்ந்தேன். எங்கள் பழைய தோழர்கள் குருவையாவும் சோலையப்பனும் துணைக்கு வந்தார்கள். 'மக்கள் மொழியை மூட்டை கட்டி வைக்காதே' என்று அட்டை எழுதி மாட்டினோம். கீழே செல்போன் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வர்ற ஆளுக மிரளுறாங்க. கொஞ்சம் ஓரமா உக்காந்து போராடுங்க" என்றார். ஓரமாக உட்கார்ந்தோம். சிறு வியாபாரி நமக்கு எதிரி இல்லை.

ஷிப்ட் முடித்து வந்த முனீஸ்வரி எங்கள் மூவருக்கும் டீ வாங்கி வந்தாள். அதை நான் மறக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் அந்த டீயை நான் மறக்க மாட்டேன். கிளாஸைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணாச்சி, அந்தத் திருப்பி வாங்குற பக்கத்தை மட்டும் உங்க கட்டுலேருந்து எடுத்துருங்களேன். அது ஒண்ணு மட்டும்."

"பிழையில் உன் பிழை, என் பிழை என்று உண்டா அம்மா? உனக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன்.

அவள் காலியான கிளாஸ்களை வாங்கிக்கொண்டு மேலே போனாள். உழைக்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், தோழர். நாம்தான் அவர்களுக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டதா? இன்னும் நேரமிருக்கிறது. லேப்டாப்பைத் திறக்காதீர்கள், முடித்துவிடுகிறேன்.

ஞாயிறு வந்தது. படியைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சலித்து, குழு ஓட்டெடுப்புக்கு இறங்கி வந்தது. என் மூட்டையைச் சேர்ப்பதா வேண்டாமா? கை தூக்கச் சொன்னார்கள். தொல்லை ஒழிந்தால் போதும் என்று தூக்கிய கைகளும் அதில் உண்டு, எனக்குத் தெரியும். வெற்றிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முனீஸ்வரி கை தூக்கவில்லை. அவள் கையில் காலி கிளாஸ்கள் இருந்தன.

அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும் என் திருத்தங்கள் சேர்ந்தன. பின்வரிசையில் முனீஸ்வரியின் அம்மா மடிப்புக் கலையாத சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார். முனீஸ்வரி அவர் பக்கத்தில் போய் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை எடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, நான்தான் திருத்திவிட்டேனே.

"முடிஞ்சிருச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. தனக்கான வேலையை ஒரு தோழன் செய்து முடித்திருக்கிறான் என்றால் கலங்காதா?

அதன் பிறகு புகார்கள் வந்தனவாம். வெளியூர் நூலகங்களிலிருந்து போன்மேல் போன். கையேட்டில் சொன்ன பொத்தான் திரையில் இல்லையே, எதை அமுக்குவது என்று. வாசகத் தோழர் என்றால் உறுப்பினரா, வேலைக்காரரா என்று ஒருவர் கேட்டாராம். திரையைத் திருத்துங்கள் என்று நான் பதில் எழுதினேன். சரியானதைத் தவறானதோடு பொருத்துவதா, தவறானதைச் சரியானதோடு பொருத்துவதா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

பிறகு ஒரு காலையில் படிப்பகத்தில் கையேட்டைத் திறக்கிறேன். என் திருத்தம் ஒன்றுகூட இல்லை. பழைய பிழைகள் அத்தனையும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றன. மொத்த மூட்டையையும் பின்னுக்குத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தில் அதே சீட்டு: 'புதியவர்களுக்காக விட்டுவைத்தது.'

யார் திருப்பியது என்று பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். அங்கேயே எழுதியிருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் தெரியும் என்கிறீர்கள். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். நான் எதற்குத் தட்ட வேண்டும்? மில்லில் கதவைப் பூட்டியது யார் என்று பூட்டைப் பார்த்தா தெரிந்துகொண்டோம்?

பியூலா அம்மையார் போன் செய்தார். நிறையச் சொன்னார். என்னிடம் முன்கூட்டிச் சொல்லாதது தங்கள் தவறாம். குழுவில் வைத்து, பேசி முடிவெடுத்துத்தான் திருப்பினார்களாம். பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். கடைசியில், "ஒரே ஒரு பக்கம் திருத்தி அனுப்புங்க, அண்ணாச்சி. பதிப்பு வர்ற அன்னிக்கி உங்க பேரையும் வாசிச்சிருவோம். எனக்கும் அதுதான் ஆசை" என்றார்.

ஒரு பக்கம்! கையேடு முழுவதையும் சுமந்தவனுக்கு ஒரு பக்கம் பிச்சை. இறைஞ்சி வாங்குகிற பெயர் எனக்கு வேண்டாம் என்று போனை வைத்தேன். ஆனால் பெயர் வாசிக்கிற நாளைக் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாடி நிறைந்திருந்தது. பெண்கள் வீட்டாரையும் கூட்டி வந்திருந்தார்கள். கேசரி வாசனை. குருவையாவையும் சோலையப்பனையும் இரண்டு பக்கமும் வைத்து நான் நடுவில் உட்கார்ந்தேன். புதிய பதிப்பு வந்துவிட்டது, கையேடும் திரையும் சேர்ந்தே திருந்திவிட்டன என்று யாரோ சொன்னார்கள். கைதட்டினார்கள். என் பிழைகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்துத் திருத்தியிருக்கிறார்கள், தோழர்! நான் அறுத்து முடித்த வயலில் கட்டி வைத்த கதிரை அவிழ்த்து, மறுபடி நட்டு, மறுபடி அறுத்திருக்கிறார்கள். அதற்குக் கைதட்டல்.

பியூலா அம்மையார் வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெயர், ஒரு பெண் எழுவாள், வீட்டார் தட்டுவார்கள். அடுத்த பெயர். குருவையாவுக்குக் காது மந்தம். என் பக்கம் சாய்ந்து, "என்ன வெயிலு, அஞ்சலிக் கூட்டமா? செத்தவங்கல்லாம் எந்திரிச்சு நிக்காங்க" என்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். வாசிப்பை நிறுத்தச் சொன்னேன். மேடையில் பேசிய குரல், மைக் தேவையில்லை. இந்தக் கையேட்டை முதலில் திருத்தியவன் இங்கே நிற்கிறான், அவன் பெயர் உங்கள் வரிசையில் இல்லை, பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது என்றேன். ஆனால் செய்தவன் பெயரும் திருப்பியவன் பெயரும் ஒருபோதும் அழியாது என்று நான் வந்த முதல் நாளே இதே இடத்தில் சொன்னீர்கள். ஆகவே என் உழைப்பைத் திருப்பியது யார்? அந்தப் பெயரை வாசியுங்கள். இதே மாதிரி, இதே குரலில்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் பியூலா அம்மையார். "கூட்டம் முடியட்டும். நாம தனியா உக்காந்து பேசுவோம்."

பார்த்தீர்களா? தன் பெயரைத் தானே வாசிக்க வாய் வரவில்லை. எந்த முதலாளிக்கு வந்திருக்கிறது? தனியாகப் பேசுவது முதலாளிகளின் வழக்கம் என்றேன். சாட்சிகளின் முன்னால் வாசியுங்கள் என்றேன். முதல் சாட்சி குருவையா, எழுந்திரும். அவருக்குக் கேட்கவில்லை, கையைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டாம் சாட்சி சோலையப்பன், எழுந்திரும். எழுந்தார். இரண்டு பேரும் என் ஆட்கள் என்று சொல்லிவிடுவார்களே, அதற்கு இடம் வைக்கக் கூடாது. அவர்கள் வகுப்பிலிருந்தே ஒரு ஆள் வேண்டும். அதையும் யோசித்தே வைத்திருந்தேன்.

"மூன்றாவது சாட்சி, மில் தொழிலாளி முனீஸ்வரி. எழுந்திரு அம்மா, பயப்படாதே" என்றேன்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாக எழுந்தாள். நேராக நின்றாள். பியூலா அம்மையார் அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் அசைத்தாள். அதற்குமேல் அந்த அம்மையாருக்கு வேறு வழி இல்லை. மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் வாசித்தார்:

"வெயில்முத்து அண்ணாச்சி அனுப்பிய மாற்றங்கள் முழுவதையும் பின்னுக்குத் திருப்பியவர், பெ. முனீஸ்வரி, சேத்தூர்."